கல்லறை எவர் பொருட்டு?

இறந்தோரை ஊருக்கு வெளியே வைத்தல் பண்டைய உரோமரின் வழக்கு. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொகுக்கப்பெற்ற பன்னிரு பலகைச் சட்டம், நகர எல்லைக்குள் பிணத்தைப் புதைப்பதையும் எரிப்பதையும் விலக்கியது. அதனால் உரோமாபுரியிலிருந்து புறப்பட்ட பெருவீதிகளின் இரு மருங்கிலும் கல்லறைகள் எழுந்தன. வாழ்வோரின் இடம் வேறு, இறந்தோரின் இடம் வேறு என்பது அச்சமுதாயத்தில் உறுதியாக நிலைத்த ஓர் ஒழுங்கு. கிறித்தவம் இவ்வொழுங்கை மாற்றியது. வேதசாட்சிகளாக மடிந்தோரின் புதைகுழிகள் மீது ஆலயங்கள் எழுந்தன. அக்குழிகளின் அருகே தாமும் துயிலவேண்டும் என்னும் விருப்பினால் ஏனையோரும் ஆலயங்களுள் அடக்கம் பெறலாயினர். வழிபடுவோரின் காலடியிலேயே இறந்தோர் கிடக்கும் நிலை இவ்வாறு தோன்றிற்று.

ஐரோப்பாவின் பெருங் கத்தோலிக்க ஆலயமொன்றினுள் நுழையும் ஒருவர் பலிபீடத்தை அடையுமுன் பல கல்லறைகளைக் கடந்து செல்கின்றார். தரையிலே பெயர் தேய்ந்த பலகைக் கற்கள் கிடக்கின்றன. சுவர்களிலே பளிங்கு உருவங்கள் எழுந்து நிற்கின்றன. இவற்றைக் காண்போருள் செபிக்க வந்தோர் சிலர்; கலைச்சுவை நாடி வந்தோர் சிலர்; பயணத் திட்டத்தில் இதுவும் ஓரிடம் என்று வந்து செல்வோர் பலர். இம்மூவகையினருக்கும் பொதுவான அறவினா ஒன்று அங்கே உண்டு. மாண்டவருக்குக் கல்லறையால் யாது பயன்? பயன் இல்லையெனின் அது எவர் பொருட்டு எழுப்பப்படுகின்றது? அதன் முன் நிற்பவருக்குக் கடன் ஏதேனும் உண்டா?

இவ்வினா புதியதன்று. தென் இத்தாலியிலுள்ள நோலா என்னும் ஊரின் ஆயராகிய பவுலீனுஸ், கி.பி. 421ஆம் ஆண்டளவில், வட ஆபிரிக்காவிலே ஹிப்போ நகரின் ஆயராயிருந்த புனித அகுஸ்தீனாரிடம் இதனைக் கேட்டார். கேள்விக்குப் பின்னால் ஒரு தாயின் துயரம் இருந்தது. மகனை இழந்த கைம்பெண் ஒருத்தி, சினேஜியுஸ் என்னும் அவ்விளைஞனின் உடல் புனித பெலிக்ஸின் ஆலயத்துள்ளே வைக்கப்படவேண்டும் என்று விரும்பினாள். அவள் விருப்பம் நிறைவேற்றப்பட்டது. ஆயினும், புனிதரின் அருகே கிடப்பதால் இறந்தவனுக்கு நன்மை உண்டா என்னும் ஐயம் பவுலீனுஸின் உள்ளத்தில் எஞ்சி நின்றது.

அகுஸ்தீனார் இதற்கு விடையாக ஒரு நூலே எழுதினார். ஈமச்சடங்கும் அடக்கமும் கல்லறையும் இறந்தோர்க்கு உதவுவன என்பதினும் உயிரோடிருப்போர்க்கு ஆறுதல் அளிப்பன என்பதே பொருந்தும் என்பது அவர் முடிபு. 177ஆம் ஆண்டில் லியோன் நகரிலே கொல்லப்பட்ட வேதசாட்சிகளின் உடல்கள் எரிக்கப்பட்டுச் சாம்பல் ஆற்றில் எறியப்பட்டது. அதனால் அவர்கள் இழந்தது யாதுமில்லை என அவர் காட்டினார். அவ்வாறாயின் உடலைப் புறக்கணிக்கலாமா எனின், அதனையும் அவர் ஏற்கவில்லை. தந்தையின் மோதிரமும் ஆடையும் பிள்ளைகளுக்கு அருமையாவது போல உடலும் அன்புக்குரியோருக்கு அருமையானதே. ஆதலின் கல்லறையிருக்கும் இடம் ஒரு வகையிலே பயன்தரும். தாய் அவ்விடத்தை நினைக்கும்போது மகனை நினைப்பாள், நினைக்கும்போது செபிப்பாள். பயன் விளைவது இடத்தினால் அன்று, இடம் தூண்டிய அன்பினால் என்பதே அவர் கருத்தின் சாரம்.

தம் தாயிடமே இக்கருத்தை அவர் முன்னர் கண்டிருந்தார். மோனிக்கம்மாள் நெடுங்காலமாகத் தம் கணவரின் அருகே கிடக்க விரும்பி அதற்கென இடமும் ஒழுங்குசெய்து வைத்திருந்தவர். 387ஆம் ஆண்டில், தாயகத்துக்கு மீளும் வழியில், ஒஸ்தியாத் துறைமுகத்தில் நோயுற்றபோது, உடலை எங்கேனும் இடுமாறும், ஆண்டவரின் பலிபீடத்தருகே தம்மை நினைவுகூருவதொன்றே வேண்டும் என்றும் பிள்ளைகளிடம் கூறினார். அவர் எலும்புகள் 15ஆம் நூற்றாண்டிலே ஒஸ்தியாவிலிருந்து உரோமாபுரிக்குக் கொண்டுவரப்பட்டன. இன்று அவை அவர் மகனின் பெயரைத் தாங்கிய ஆலயத்திலே கல்லறையொன்றில் உள்ளன. இடத்தைப் பொருட்படுத்தாத ஒருவருக்கும் பின்வந்தோர் இடம் தேடிக் கொடுத்தனர். இதனை அவர் கூற்றை மீறிய செயலாகக் கொள்ளவேண்டியதில்லை. உயிரோடிருப்போரின் தேவை இறந்தோரின் தேவையிலும் வேறானது என்பதற்கு இது சான்று.

அகுஸ்தீனாரின் விடையை உரைகல்லாகக் கொண்டு உரோமாபுரியின் புனித இராயப்பர் பேராலயத்தை நோக்குவது பொருத்தமுடைத்து. தொண்ணூறுக்கு மேற்பட்ட பாப்பரசர்கள் அடக்கம் பெற்ற அப்பேராலயமே ஒரு புதைகுழியின் மேல் எழுந்ததாகும். வத்திக்கான் குன்று பழைய நகரின் எல்லைக்கு அப்பாற்பட்ட புதைகாடு. இராயப்பர் அங்கே புதைக்கப்பட்டார் என்னும் நம்பிக்கையினால், 4ஆம் நூற்றாண்டிலே பேரரசர் கொன்ஸ்தந்தீன் அவ்விடத்திற் பெருங்கோயில் எடுத்தார். 1940 முதல் 1949 வரை பலிபீடத்தின் கீழ் நடைபெற்ற அகழ்வாய்வில் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறியதோர் நினைவிடம் வெளிப்பட்டது. அங்கு கிடைத்த எலும்புகள் இராயப்பருடையனவாக அடையாளங் காணப்பட்டன என 1968இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அறிவித்தார். அறிஞர் அனைவரும் அதனை ஏற்றாரல்லர். ஐயத்துக்கு இடமில்லாத செய்தி ஒன்றுண்டு: பேராலயத்தின் மையத்தில் அமைந்த மூல நினைவிடம் ஏழை மனிதர் சிலர் தம் வறுமைக்கேற்பக் கட்டிய எளிய சுவரும் மாடமுமே.

அவ்வகழ்வாய்வு மற்றொன்றையும் காட்டிற்று. கொன்ஸ்தந்தீனின் கட்டடவினைஞர் அடித்தளம் சமைத்தற்பொருட்டு அக்குன்றுச் சரிவின் கல்லறை வீடுகளை மண்ணிட்டு நிரப்பினர். அவ்வீடுகளுட் பல, அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்று வணிகத்தால் முன்னேறிய குடும்பங்களுக்கு உரியவை. அவற்றுளொன்றின் வாயிலின் மேல், பொப்பீலியுஸ் ஹெராக்ளா என்பவரின் இறுதிமுறி கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. வத்திக்கானில், பந்தயத் திடலின் அருகே தமக்கொரு கல்லறை எடுக்கவேண்டும் என்று அவர் தம் உரிமையாளரைப் பணித்திருந்தார். அவர்கள் அவ்வாறே செய்தனர். இரு நூற்றாண்டுகள் கழியுமுன் அக்கல்லறை மண்ணுள் மறைந்தது. ஒரு மீனவரின் குழியைப் போற்றும் பொருட்டு எத்தனையோ குடும்பங்களின் குழிகள் மூடப்பட்டன. இறந்தோரை நினைவுகூரும் செயலிலும் சிலரைத் தெரிந்தெடுத்தலும் பலரைக் கைவிடுதலும் தொடக்கத்திலிருந்தே கலந்துள்ளன என்பதை மறுத்தற்கில்லை.

இத்தெரிவு அதிகாரத்தின் கைக்கு மாறும்போது அறச்சிக்கல் கூர்மையடைகின்றது. பாப்பரசர் இரண்டாம் யூலியுஸ் 1505ஆம் ஆண்டில் மைக்கலாஞ்சலோவை அழைத்துத் தமக்கொரு கல்லறை செய்யப் பணித்தார். நாற்பதளவான சிலைகளோடு தனித்து நிற்கும் மலைபோன்ற அமைப்பாக அது திட்டமிடப்பட்டது. அத்தகையதொன்றை வைப்பதற்குப் பழைய ஆலயம் இடம் போதாதிருந்தமை, அதனை இடித்துப் புதிய பேராலயம் எழுப்பத் துணிந்ததற்கு ஒரு காரணம் என்பர். 1506இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய ஆலயம் இடிபட்டபோது முன்னைய பாப்பரசர் பலரின் கல்லறைகளும் அழிந்தன. புதிய ஆலயத்தின் செலவுக்காகப் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டமை மாட்டின் லூதரின் எதிர்ப்புக்கு உடனடிக் காரணமாயிற்று. பெருஞ் செல்வரான பாப்பரசர் ஏழை விசுவாசிகளின் பணத்தை விடுத்துத் தம் பணத்தினாலே இவ்வாலயத்தைக் கட்டலாகாதா என்னும் கேள்வி, 1517இல் அவர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கூற்றுக்களுள் எண்பத்தாறாவதாக இடம்பெற்றது. பளிங்கின் அழகைப் பேசுவோர் அதன் விலையை எவர் செலுத்தினர் என்பதையும் பேசுதல் வேண்டும்.

யூலியுஸின் திட்டம் நிறைவேறியதா? அவர் 1513இல் இறந்தார். கல்லறைத் திட்டம் படிப்படியாகச் சுருங்கி, 1545இல், சங்கிலிகளின் புனித இராயப்பர் ஆலயம் எனப்படும் வேறோர் ஆலயத்தில், மோசேயின் சிலையை நடுவாகக் கொண்ட சுவர் அமைப்பாக முடிவுற்றது. யூலியுஸின் உடல் அங்கே இல்லை. அது புனித இராயப்பர் பேராலயத்தின் தரையில், அவர் தந்தையின் உடன்பிறந்தவராகிய நான்காம் சிக்ஸ்துஸின் எச்சங்களோடு, எளிய பலகைக் கல்லின் கீழ்க் கிடக்கின்றது. உடல் உள்ள இடத்தில் நினைவுச்சின்னம் இல்லை. நினைவுச்சின்னம் உள்ள இடத்தில் உடல் இல்லை.

பூதவுடம்பு அழியினும் புகழுடம்பு நிற்கும் என்பது தமிழ் மரபில் நன்கறிந்த எண்ணம். கல்லில் நிற்கும் புகழுடம்பு எவருடையது என்று கேட்குமிடத்து விடை எளிதன்று. பேராலயத்தின் நுழைவாயிலுக்கு அருகே, இறந்த மகனை மடியில் ஏந்திய அன்னையின் பளிங்குருவம் உள்ளது. 'பியேத்தா' என உலகறிந்த அச்சிலையும் ஒரு கல்லறைக்காகச் செய்யப்பட்டதே. பிரெஞ்சுக் கர்தினால் ஜீன் டி பிலேர் தம் அடக்கத்தலத்துக்காக 1498இல் அதற்கு ஒப்பந்தம் செய்தார். மறு ஆண்டே இறந்தார். இன்று அதன் முன் திரளும் மக்களுள் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. அன்னையின் மார்பின் குறுக்கே செல்லும் கச்சையில் மைக்கலாஞ்சலோ தம் பெயரைச் செதுக்கிவைத்தார். புகழைக் கல்லிடம் ஒப்படைத்தவர் மறைந்தார். கல்லைச் செதுக்கியவர் நின்றார்.

வேறு சில கல்லறைகளில் இறந்தவரின் விருப்பமே புறந்தள்ளப்பட்டது. சுவீடன் நாட்டு அரசி கிறிஸ்தீனா 1654இல் முடிதுறந்து, கத்தோலிக்கம் தழுவி, 1689இல் உரோமாபுரியில் இறந்தார். பந்தியன் ஆலயத்தில் ஆரவாரமின்றி அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆயினும் புரட்டஸ்தாந்த நாடொன்றின் முடியரசி மதம் மாறினார் என்பது திருச்சபைக்குப் பெருவெற்றியாகப் பட்டது. உடல் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பேராலய நிலவறைக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1702இல் மேலே நினைவுச்சின்னமும் எழுந்தது. தஸ்கனிப் பிரபு மத்தில்டாவின் கதையும் இத்தகையது. அவர் 1115இல் இறந்து வட இத்தாலிய மடமொன்றில் அடங்கினார். ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் பாப்பரசர் எட்டாம் உர்பான் அவர் எச்சங்களைப் பேராலயத்துக்கு வருவித்தார். பெர்னினி அமைத்த அக்கல்லறையின் முகப்பில், 1077இல் கனோசாக் கோட்டையிலே பேரரசர் நான்காம் ஹென்றி பாப்பரசரின் முன் மண்டியிட்ட காட்சி செதுக்கப்பட்டுள்ளது. பேரரசர்களிலும் பாப்பரசர் மேலானவர் என வலியுறுத்தற்கு இறந்த பெண்ணொருத்தி சாட்சியாக அழைக்கப்பட்டாள். அகுஸ்தீனார் கூறிய ஆறுதலுக்கும் இதற்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. அத்தாய் மகனுக்காக இடம் தேடினாள். இங்கோ இடத்துக்காக இறந்தவர் தேடப்பட்டார்.

இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர், கல்லறைச் சின்னங்கள் அனைத்தும் செருக்கின் வடிவங்களே. அவற்றை அழித்தல் தகும் என்று முடிவுசெய்யலாம். பிரெஞ்சுப் புரட்சியினர் அவ்வாறே முடிவுசெய்தனர். பாரிஸ் நகருக்கு அணித்தான சென் தெனி பேராலயம் பிரெஞ்சு மன்னரின் அடக்கத்தலம். 1793இல் அங்கிருந்த கல்லறைகள் திறக்கப்பட்டு உடல்கள் குழிகளிற் கொட்டப்பட்டன. சிற்பங்களுட் பல, கலைப்பொருள் என்னும் காரணத்தால் பாரிஸிலே அரும்பொருளகம் ஒன்றிற் காப்பாற்றப்பட்டன. மன்னராட்சி மீண்டபின் 1817இல் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டபோது எவை எவருடையன எனப் பிரித்தறிய இயலவில்லை. அனைத்தும் ஒரே அறையில் வைக்கப்பட்டன. புரட்சியினரின் சினத்துக்கு நியாயம் இருந்தது. பட்டினி கிடந்த மக்களின் உழைப்பே அப்பளிங்காயிற்று. எனினும் பிணத்தின் மேல் தீர்த்த பழி உயிரோடிருந்த ஏழை எவருக்கும் உணவாகவில்லை. கொடுங்கோலனின் கல்லறை அழிந்தபின் அவன் கொடுமையை விசாரிக்கும் இடமும் ஒன்று குறைகின்றது.

சென் தெனியிற் சிற்பம் காக்கப்பட்டு உடல் எறியப்பட்டமை மற்றொரு மனப்பான்மையையும் சுட்டுகின்றது. கல்லறையைக் கலையாக மட்டும் காணும் பார்வை அது. இன்றைய பயணிகளுட் பலர், தம்மை அறியாமலே, அப்பார்வையினர். பெர்னினியின் கைத்திறனைப் படமெடுத்துச் செல்வோருக்கு அக்கல்லறையில் ஒருவர் கிடக்கின்றார் என்பது நினைவில் எழுவதில்லை. கலையுணர்வு குற்றமன்று. ஆனால் இறப்பை அலங்காரமாக மாற்றிவிடும் உணர்வு, சிற்பி கூற வந்ததையும் கேளாது போகின்றது.

பாப்பரசர் ஏழாம் அலெக்சாந்தருக்குப் பெர்னினி தம் முதுமையில் அமைத்து 1678இல் நிறைவேற்றிய கல்லறையை இதற்கு எடுத்துக்காட்டலாம். அது அமைந்த சுவரில் முன்னரே ஒரு கதவு இருந்தது. அதனை மறைக்காது மரணத்தின் வாயிலாகவே பெர்னினி கொண்டார். கதவின் மேலே செந்நிறச் சூரியகாந்தக் கல்லால் ஆன பெருந்திரை மடிந்து விழுகின்றது. திரையின் அடியிலிருந்து எலும்புக்கூடு ஒன்று மணற்கடிகாரத்தை உயர்த்திக்கொண்டு எழுகின்றது. அதன் முகம் திரையால் மூடப்பட்டுள்ளது. மேலே பாப்பரசர் முடியை அணியாது முழந்தாளிட்டுச் செபிக்கின்றார். சுற்றிலும் ஈகை, உண்மை, நீதி, விவேகம் என்னும் நான்கு பண்புகள் பெண்ணுருக்கொண்டு நிற்கின்றன.

இந்நான்கும் புகழ்ச்சிக்காக வைக்கப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒருமுறை கல்லில் நின்றபின் அவை வைத்தவரின் கட்டளைக்கு அடங்குவதில்லை. இறந்தவரை அளக்கும் கோல்களாகவும் பயன்படுகின்றன. 1656இல் உரோமாபுரியிலே கொள்ளைநோய் பரவியபோது அலெக்சாந்தரின் ஆட்சி நோயாளரைத் தனிமைப்படுத்திக் கடுமையான காவல் நடவடிக்கைகளை மேற்கொண்டது. நாப்பொலி நகர் அடைந்த பேரழிவை உரோமாபுரி அடையவில்லை. அதே ஆண்டில், உறவினரை ஆட்சியில் அண்டவிடேன் என்னும் தம் முன்னைய உறுதியைத் தளர்த்தி, அவர்களை வரவழைத்துப் பதவியும் செல்வமும் பெறச் செய்தவரும் அவரே. ஈகையின் சிலை முதற்செயலை ஏற்கும். நீதியின் சிலை இரண்டாவதை எவ்வாறு ஏற்கும்? அக்கல்லறையின் முன் நிற்பவர் இவ்வினாவை எழுப்புவாராயின், அவர் இறந்தவரை இகழ்ந்தாரல்லர். கல்லறை தானே முன்வைத்த அளவையை உண்மையென எடுத்துக்கொண்டார்.

இங்கேதான் காண்போரின் கடன் தெளிவாகின்றது. கத்தோலிக்கர் இறந்தவரின் ஆன்மாவுக்காகச் செபிப்பர். அது அகுஸ்தீனார் வழி. அந்நம்பிக்கை இல்லாதவர் யாது செய்யலாம்? டென்மார்க்கின் புரட்டஸ்தாந்தச் சிந்தனையாளர் கியர்க்ககாட் 1847இல் வெளியிட்ட 'அன்பின் செயல்கள்' என்னும் நூலில் இறந்தோரை நினைவுகூரும் அன்பைப் பற்றி ஓர் இயல் எழுதினார். இறந்தவர் கைம்மாறு செய்யார்; வற்புறுத்தார்; மறந்தால் முறையிடார். ஆதலின் அவர்பால் செலுத்தும் அன்பிலே ஒருவரின் அன்பு தன்னலமற்றதா, சுதந்திரமானதா, உறுதியானதா என்பது வெளிப்படும் என்பது அவர் கருத்து. இதனை நீதிக்கும் விரித்துரைக்கலாம். இறந்தோர் தமக்காக வழக்குரைக்க இயலாதவர். பளிங்கின் கீழ்க் கிடப்பவர் தம்மீது சாட்டப்படும் பொய்க் குற்றத்தை மறுக்க இயலாது. மண்ணுள் மூடப்பட்ட ஹெராக்ளாவும் பெயரே எஞ்சாத கற்றச்சரும் தமக்கு மறுக்கப்பட்ட இடத்தைக் கேட்க இயலாது. இரு சாராருக்கும் உண்மையைத் தவிர வேறு துணையில்லை. அவ்வுண்மையைத் தேடுதற்கு உயிரோடிருப்போரே உளர்.

அண்மைக்காலப் பாப்பரசர் சிலர் இச்சிக்கலை எளிமையால் தீர்க்க முயன்றனர். 2005இல் மறைந்த இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வெறுநிலத்தில் அடக்கம் செய்யப்பட விரும்பினார். நிலவறையில் அவ்வாறே செய்யப்பட்டது. 2011இல் அவர் முத்திப்பேறு பெற்றபோது மேலே உள்ள சிற்றாலயத்துக்கு மாற்றப்பட்டார். 2025 ஏப்பிரலில் மறைந்த பிரான்சிஸ் தம் பெயர் மட்டும் பொறித்த எளிய கல்லின் கீழ், மரியன்னையின் பெருங்கோயிலில் அடக்கம் பெற்றார். அவர்களின் முடிவு மதிப்புக்குரியது. ஆயினும் எளிமை செருக்கின் ஒரு வாயிலை அடைக்குமேயன்றிக் காண்போரின் கடமையைக் குறைக்காது. எளிய கல்லும் காட்சிப்பொருளாகலாம். பெரிய பளிங்கும் ஒருவரைச் சிந்திக்கச் செய்யலாம்.

கல்லறை எவர் பொருட்டு என்னும் வினாவுக்கு, அது உயிரோடிருப்போர் பொருட்டே என்னும் அகுஸ்தீனாரின் விடை இன்றும் ஏற்கத்தக்கது. ஆனால் அதனை உயிரோடிருப்போரின் வசதிக்காக என்று பொருள்கொள்ளுதல் தவறாகும். உர்பான் மத்தில்டாவை நாடியதும், பயணி பளிங்கைப் படமெடுத்து நகர்வதும் அவ்வசதியின் பாற்படும். நோலாவின் அத்தாய் வசதியை நாடவில்லை. தன் அன்பு தளராதிருக்க ஓரிடத்தைப் பற்றுக்கோடாகக் கேட்டாள். பேராலயக் கல்லறைகளைக் காணச் செல்வோர் அவள் மகனுக்கும் பாப்பரசருக்கும் பெயரற்ற கற்றச்சருக்கும் ஒரே அளவான கவனத்தைச் செலுத்த முற்படுவாராயின், அப்பளிங்குக்காகச் செலவான பெரும்பொருளின் ஒரு பகுதியேனும் பயனுற்றதாகும்.